நாற்றுக்கு எந்த ஒளி? சன்னலோரம், வெயில், குழல் விளக்கு, எல்இடி: ஓர் ஒப்பீடு

விதை முளைத்து ஒரு வாரம் ஆவதற்குள் நாற்றுகள் நெடுநெடுவென்று உயர்ந்து, வெளிறி, சன்னல் பக்கமாகச் சாய்ந்து நிற்பதைக் கண்ட பிறகுதான் நம்மில் பலர் ஒளியைப் பற்றி எண்ணத் தொடங்குகிறோம். அப்போது எழும் கேள்வி பெரும்பாலும் எந்த விளக்கு வாங்கலாம் என்பதாகவே இருக்கிறது. அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த நாற்று தனக்குக் கிடைத்த ஒளியில் எதைக் கண்டு இப்படி வளர்ந்தது? இதற்கு விடை தெரிந்தால், சன்னலா வெயிலா விளக்கா என்ற தேர்வு பாதிக்கு மேல் தானாகவே முடிந்துவிடும் என்பது என் கருத்து.

இந்தத் தேர்வில் நம் கண்ணை நம்பக் கூடாது. மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பசுமஞ்சள் ஒளிக்கே மிகவும் கூர்மையாக இயங்குகிறது. நாற்று பெரிதும் கவனிப்பதோ அதற்கு இருபுறமும் உள்ள நீலத்தையும் சிவப்பையும், நமக்கு ஏறக்குறைய புலப்படாத தொலைச்சிவப்பையும்தான். மேலும், வெளிச்சம் குறையும்போது கண்மணி விரிந்து ஈடு செய்துவிடுவதால், 400 லக்ஸ் வெளிச்சமுள்ள அறையும் 1,00,000 லக்ஸ் வெயிலும் நமக்கு ‘நல்ல வெளிச்சம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. நாற்றுக்கு முன்னது கிட்டத்தட்ட இருட்டு.

நாற்று எவற்றைக் கவனிக்கிறது

மண்ணுக்கடியில் முளைக்கும் விதை, தன் கையிருப்பு தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். ஆகவே இருட்டில் அது இலைக்கும் வேருக்கும் அதிகம் செலவிடாமல் தண்டை நீட்டுவதிலேயே முழுமூச்சாக இறங்குகிறது, தண்டின் நுனி கொக்கிபோல் வளைந்து, மூடிய வித்திலைகளையும் வளர்நுனியையும் மண் உரசாதபடி காக்கிறது, பச்சையம் உருவாவதில்லை. ஒளி பட்டதும் இந்தப் போக்கு முழுவதும் மாறுகிறது: கொக்கி நிமிர்கிறது, வித்திலைகள் விரிந்து பச்சையாகின்றன, தண்டின் நீட்சி தணிகிறது. இருட்டில் வளர்ச்சிக் கட்டளைகளைத் தடுத்து வைத்திருக்கும் காப்-1 என்ற புரதம் ஒளியில் செயலிழந்து உட்கருவை விட்டு விலகுவதும், அதுவரை அழிக்கப்பட்டுக் கொண்டிருந்த எச்ஒய்-5 என்ற புரதம் சேர்ந்து பல மரபணுக்களை இயக்குவதும் இந்த மாற்றத்தின் உள்வேலை. மங்கிய ஒளியில் நெடிதாக வளரும் நாற்று நோயுற்ற நாற்று அல்ல. தான் இன்னும் மண்ணைக் கடந்து முடிக்கவில்லை என்று கணக்கிட்டுக்கொண்டு, இருட்டுக்கான திட்டத்தை முழுமையாகக் கைவிடாமல் இருக்கும் நாற்று.

இந்தக் கணக்கைப் போடும் உணரிகளுள் முதலில் அறியப்பட்டது பைட்டோகுரோம். 1952 ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் முதலியோர் லெட்யூஸ் விதைகளின் மேல் சிவப்பையும் தொலைச்சிவப்பையும் மாறி மாறிப் பாய்ச்சிப் பார்த்தனர். கடைசியாகப் பட்டது சிவப்பானால் விதைகள் முளைத்தன. தொலைச்சிவப்பானால் பெரும்பாலும் முளைக்கவில்லை. எத்தனை முறை மாற்றினாலும் கடைசி ஒளியே முடிவு செய்தது. இதற்குக் காரணமான நிறமி இரு வடிவங்களில் இருக்கிறது. ஒரு வடிவம் 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பை உறிஞ்சிச் செயல்படும் வடிவமாக மாறுகிறது. அந்தச் செயல்படும் வடிவம் 730 நானோமீட்டரை ஒட்டிய தொலைச்சிவப்பை உறிஞ்சிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே பைட்டோகுரோம் ஒளியின் அளவை மட்டுமன்றி, சிவப்புக்கும் தொலைச்சிவப்புக்கும் இடையிலான விகிதத்தையும் அளக்கிறது. திறந்த வெளியின் பகலொளியில் இந்த விகிதம் ஏறத்தாழ 1.2, இலைகள் சிவப்பை விழுங்கிவிட்டுத் தொலைச்சிவப்பைப் பெரிதும் கடத்திவிடுவதால், அடர்ந்த இலைக்கூட்டத்தின் அடியில் அது 0.2 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். விகிதம் இறங்கினால் நாற்றுக்கு அது தரும் செய்தி ஒன்றே: தலைக்கு மேல் போட்டி இருக்கிறது, உயர்ந்து செல்.

நீல ஒளியை உணர்பவற்றுள் இரண்டு வகைகள் இங்கே முக்கியம். அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் சன்னலோர நாற்றுகளைப் பற்றிய தவறான முடிவுகள் பல எழுகின்றன. முதலாவது கிரிப்டோகுரோம். நீல ஒளியிலும் தண்டு குட்டையாகாத அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் சிறு செடியின் திரிபுகளைக் கொண்டு 1993 ஆம் ஆண்டில் இதன் மரபணு கண்டறியப்பட்டது. தண்டு தொடர்ந்து நீளாதபடி கட்டுக்குள் வைப்பது இதன் பணி. இதற்கு ஓரளவு செறிவான நீலம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். இரண்டாவது ஃபோட்டோட்ரோபின், ஒளி வரும் திசையை அறிவது இதுதான். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் நாற்றுகளின் நுனியை மூடிவிட்டால் அவை ஒளியை நோக்கி வளைவதில்லை என்பதை 1880 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நுனியிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருள் கீழிறங்கி வளைவை உண்டாக்குவது, தாவரவியலாளர் வென்ட் 1928 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓட்ஸ் முளைச் சோதனைகளால் வெளிப்பட்டது; பின்னர் அதற்கு ஆக்சின் என்று பெயர் வந்தது. நிழற்பக்கத்தில் ஆக்சின் மிகுந்து அந்தப் பக்கம் அதிகமாக நீள்வதால் தண்டு ஒளிப்பக்கம் சாய்கிறது. இந்த வளைவைத் தொடங்கிவைக்க மிக மங்கிய ஒளியே போதும். சாய்வதற்குப் போதுமானதும் குட்டையாக நிற்பதற்குப் போதாததுமான ஒளி என்று ஒன்று இருக்கிறது. சராசரிச் சன்னல் தருவது பெரும்பாலும் அதைத்தான்.

புற ஊதா-பி கதிரை உணரும் யூவிஆர்-8 என்ற புரதம் எவ்வாறு செயல்படுகிறது என்பது 2011 ஆம் ஆண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மற்ற உணரிகள் தனியொரு நிறமியைத் துணைக்கு வைத்துக்கொள்ள, இது தன் புரதச் சங்கிலியிலேயே உள்ள டிரிப்டோபன் அமினோ அமிலங்களைக் கொண்டு கதிரைப் பிடிக்கிறது. இலையின் மேற்புறத்தில் புற ஊதாவைத் தடுக்கும் சேர்மங்கள் சேர்வதற்கு இதன் தூண்டுதல் வேண்டும் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

சன்னலோரம்

செலவில்லாத வழி என்பதால் எல்லோரும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். சன்னல் தரும் ஒளியின் நிறக்கலவையில் பெரிய குறையில்லை; வானத்தின் ஒளியில் நீலம் தாராளமாகவே இருக்கிறது. குறை அளவிலும் திசையிலும் உள்ளது. சன்னலோரத் தட்டுக்குத் தெரிவது வானத்தின் ஒரு துண்டு மட்டுமே. கண்ணாடியை விட்டு ஓரடி உள்ளே தள்ளி வைத்தாலே அந்தத் துண்டு மேலும் சுருங்கி, ஒளி சடாரென்று குறைந்துவிடும். நேர் வெயில் சில மணி நேரம் விழும் சன்னலானால் நிலைமை தேவலை. வெளியே மரம் நின்றால் நிலைமை இரட்டிப்பாகக் கெடும், ஏனெனில் அந்த ஒளியில் அளவோடு சேர்ந்து சிவப்பின் விகிதமும் குறைந்திருக்கும்.

தட்டை நாள்தோறும் திருப்பி வைப்பது சாய்வைச் சரிசெய்யும், நீட்சியைச் சரிசெய்யாது. அறைப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துவது திருப்புவதைவிடப் பயனுள்ளது, ஏனெனில் அது மறுபுறத்து ஒளியைக் கூட்டுகிறது. ஆயினும் முளைவிட்ட முதல் சில நாட்களைக் கடந்து, வித்திலைகளுக்குப் பின் வரும் உண்மை இலைகள் நான்கைந்து தோன்றும்வரை சன்னலையே நம்பியிருப்பது, குறிப்பாகத் தக்காளி, மிளகாய், கத்தரி போன்றவற்றுக்கு, நான் பரிந்துரைக்கக்கூடிய வழி அல்ல.

வெயிலும் இருவகை நிழலும்

திறந்த வெயிலுக்கு ஈடான விளக்கு வீட்டு அளவில் கிடையாது. நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளித்துகள்கள், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான பகுதியில் மட்டும், வந்து விழுகின்றன. நீலம், சிவப்பு, தொலைச்சிவப்பு, புற ஊதா எல்லாம் அதில் உரிய அளவில் உள்ளன. மேலிருந்து வருவதால் சாய்வும் இல்லை. வெளியில் முளைத்து அங்கேயே வளர்ந்த நாற்று தண்டு தடித்து, இலை அடர்பச்சையாக நிற்பதைக் காணும் எவருக்கும் விளக்கு வாங்கும் ஆசை சற்றுக் குறையும். வெப்பநிலையும் மழையும் காற்றும் ஒத்துழைக்கும் காலத்தில் வேறு எதையும் நாட வேண்டியதில்லை.

முழு வெயில் பிஞ்சு நாற்றுக்கு மிகையாகும் இடங்களில் நிழல் தேவைப்படுகிறது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மரத்தடி நிழலும் கறுப்பு நிழல்வலையின் நிழலும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினாலும், நாற்றுக்கு அவை வேறுவேறு செய்திகள். கறுப்பு வலை எல்லா அலைநீளங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் சிவப்புக்கும் தொலைச்சிவப்புக்குமான விகிதம் வெயிலில் உள்ளவாறே இருக்கிறது. பாதி ஒளியை மறைக்கும் வலையின் கீழும் ஒளி மிச்சமாகவே இருப்பதால் நாற்று குட்டையாகவே வளரும். மரநிழலோ சிவப்பை வடிகட்டிவிட்டுத் தொலைச்சிவப்பைக் கீழே அனுப்புகிறது. மொத்த ஒளி வலையின் கீழ் உள்ளதற்குச் சமமாகவே இருந்தாலும் நாற்று நீளத் தொடங்கிவிடும். ‘இளம் நாற்றுகளை மரத்தடியில் வையுங்கள்’ என்ற பழகிய அறிவுரையை ஓரிரு நாள் தங்கலுக்கு மட்டுமே ஏற்கலாம்.

இதே காரணத்தால் நெருக்கமும் நிழலாகிறது. பக்கத்துச் செடியின் இலைகள் பட்டுத் திரும்பும் ஒளியில் தொலைச்சிவப்பு மிகுந்திருப்பதை நாற்றின் தண்டு உணர்ந்து, உண்மையான நிழல் விழுவதற்கு முன்பே உயரத் தொடங்குவதை 1990 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எவ்வளவு நல்ல விளக்கை மாட்டினாலும், ஒரே குழியில் ஐந்து நாற்றுகளை விட்டுவைத்தால் அவை ஒன்றையொன்று பார்த்தே நெட்டையாகும். மிகையான நாற்றுகளைக் களைந்துவிட மனம் வராதவர்களுக்கு எந்த விளக்கும் உதவாது.

விளக்குகளுக்குள் ஒப்பீடு

பழைய குண்டு பல்பை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்: அதன் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது, நீலம் மிகக் குறைவு, தொலைச்சிவப்பு மிக அதிகம், நாற்றை நெட்டையாக்கத் தேவையான எல்லாம் அதில் உண்டு. தெருவிளக்குகளிலும் பெரிய பசுமைக்குடில்களிலும் வெகுகாலம் ஆண்ட உயரழுத்தச் சோடியம் விளக்கும் நீலம் குன்றியதே. பசுமைக்குடிலில் பகலொளி அந்தக் குறையை நிரப்புகிறது, விளக்கை மட்டுமே நம்பிய அறையில் நிரப்ப ஆளில்லை.

குழல் விளக்கு, அதாவது டியூப் லைட், நாற்றுகளுக்குப் பல பத்தாண்டுகளாக நன்றாகவே உழைத்திருக்கிறது. அதில் தொலைச்சிவப்பு மிகக் குறைவாக இருப்பதால் பைட்டோகுரோம் திறந்தவெளியில் இருப்பதாகவே கணக்கிடுகிறது. குளிர்வெண்மைக் குழல்களில் நீலமும் போதுமான அளவு உண்டு. மேற்பரப்பு அதிகம் சுடாததால் இலைக்கு ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே தொங்கவிடலாம். ஏற்கனவே வீட்டில் இருப்பவர்கள் அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியது தேட வேண்டிய அவசியமில்லை. புதிதாக வாங்குவோர் மட்டும் தயங்கலாம்: உள்ளே பாதரசம் இருக்கிறது, இரு முனைகளிலும் ஒளி மங்கல், நாளாக ஆக அது மங்குவதைக் கண் கவனிப்பதில்லை.

மீதமுள்ள உண்மையான போட்டி வெள்ளை எல்இடிக்கும், சிவப்பும் நீலமும் மட்டும் கலந்து ஊதா நிறத்தில் ஒளிரும் எல்இடிக்கும் இடையில்தான். ஊதா விளக்கின் விளம்பர வாதம் எளிமையானது: பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சுகிறது, பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, எனவே பச்சை வீண். குடுவையில் கரைத்தெடுத்த பச்சையத்துக்கு இது பொருந்தும். முழு இலையில் பச்சை ஒளி உள்ளே சிதறிச் சிதறி, அதன் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டே விடுகிறது. மெக்கிரீ என்ற ஆய்வாளர் 1972 ஆம் ஆண்டில் பல பயிர்களின் இலைகளை அளந்து வெளியிட்ட வளைகோட்டில் பச்சைப் பகுதியில் சிறு சரிவு தெரிகிறதே தவிர, பள்ளம் இல்லை. சிவப்பு முதலிடத்தில் இருக்க, பச்சை நீலத்துக்குப் பெரிதும் பின்தங்கவில்லை.

ஆயினும் ஊதா விளக்கைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, செலவிடும் மின்சாரத்துக்குக் கொடுக்கும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையில் மிகச் சிக்கனமானது. பல அடுக்குகளில் ஆயிரக்கணக்கான தட்டுகளை வைத்திருக்கும் நாற்றங்காலுக்கு அந்த மிச்சம் பெரிய தொகை. ஆனால் சிவப்பை மட்டும் கொடுத்தால் இலையின் வளர்ச்சியே பிசகுகிறது. வெள்ளரி இலைகளில் செய்து 2010 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முழுச் சிவப்பில் வளர்ந்த இலைகளோடு ஒப்பிட, 7 விழுக்காடு நீலம் சேர்ந்த ஒளியில் வளர்ந்த இலைகளின் ஒளிச்சேர்க்கைத் திறன் இரட்டிப்பாக இருந்தது. இலைக்கு நீலம் உணவு என்பதைவிடக் கட்டளை என்பதே பொருத்தம். வீட்டுப் பயன்பாட்டில் ஊதா விளக்கின்மேல் எனக்குள்ள முக்கியமான குறை வேறொன்று: அதன் கீழ் எல்லா இலைகளும் கருமையாகத் தெரிவதால், மஞ்சள் பூப்பதையும் பூச்சி அரிப்பதையும் காலம் கடந்துதான் காண முடியும்.

வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல் பூசப்பட்ட பாஸ்பர், அந்த நீலத்தின் ஒரு பகுதியைப் பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருவது. அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகியோர் 2014 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றது அந்த நீல எல்இடிக்காகவே. எவ்வளவு நீலம் மாறாமல் மிஞ்சுகிறது என்பதை உறையில் அச்சிட்டுள்ள நிறவெப்பநிலை ஓரளவு சொல்லிவிடும்: 2,700 கெல்வின் விளக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீலம், 6,500 கெல்வினில் கால் பங்கை ஒட்டி. நாற்றுப் பருவத்துக்கு 4,000 முதல் 6,500 வரை எதுவானாலும் சரி. குட்டைத் தண்டு விரும்பினால் மேல் எல்லையை நோக்கிப் போகலாம். ‘செடி விளக்கு’ என்ற பெயருக்காகக் கூடுதலாகச் செலவிடுவதைவிட, சாதாரண வெள்ளை எல்இடிக் குழல்கள் இரண்டைப் பக்கம் பக்கமாகத் தொங்கவிடுவது பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

சில விளக்குகளில் தொலைச்சிவப்பு எல்இடிகளும் சேர்க்கப்பட்டு, அது ஒரு மேன்மையாகச் சொல்லப்படுகிறது. இலையை அகலமாக்கி, கீரை வகைகளின் விளைச்சலைக் கூட்டுவதற்கு அது உதவக்கூடும். நடவுக்கான நாற்றுக்கு அது நேர் எதிர்த்திசையில் வேலை செய்யும். தனி விசை இருந்தால் அணைத்து வையுங்கள். விதிவிலக்கு ஒன்றுண்டு: ஒட்டுக்கட்டுவதற்கான வேர்ச்செடிகளுக்கு வித்திலைக்குக் கீழே நீண்ட தண்டு வேண்டும் என்பதால், நாளின் முடிவில் சிறிது நேரம் தொலைச்சிவப்பைப் பாய்ச்சி வேண்டுமென்றே நீளச் செய்யலாம்.

அளவு, தொலைவு, நேரம்

நிறக்கலவையைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு, நாற்று கெடுவதற்கு மிகப் பொதுவான காரணம் நிறம் அல்ல, அளவுதான் என்று சொல்வது முரணாகத் தோன்றலாம். சரியான விளக்கைத் தவறான உயரத்தில் மாட்டியவர்களே அதிகம். நாற்றுக்கு நொடிக்குச் சதுர மீட்டருக்கு 150 முதல் 250 மைக்ரோமோல் வரை கிடைப்பது நல்லது. 200 மைக்ரோமோலை 16 மணி நேரம் கொடுத்தால் ஒரு நாளின் மொத்தம் 11.5 மோல் ஆகிறது. பல வகை நாற்றுகள் தடிப்பாக வளர இது போதும். தனிக் கருவி இல்லாதவர்கள் கைப்பேசியின் லக்ஸ் அளவியைத் தோராயமாகப் பயன்படுத்தலாம்: வெள்ளை எல்இடியின் லக்ஸ் எண்ணை 70 ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிடைக்கும், அதாவது இலை மட்டத்தில் 14,000 லக்ஸ் வேண்டும். முன்பு சொன்ன 400 லக்ஸ் அறை தருவது ஆறே மைக்ரோமோல்.

ஒளி போதவில்லையென்று 24 மணி நேரமும் எரியவிடுவது தீர்வாகாது. தக்காளி இலைகள் இடைவிடாத ஒளியில் வெளிறிப் பழுதாகின்றன. விளக்கைத் தாழ்த்துவதே முதல் வழி. செடி வளர வளர அதை உயர்த்திக்கொண்டே வர வேண்டும் என்பதால், சங்கிலியில் தொங்கும் சாதாரண விளக்கு, அசையாத தாங்கியில் பொருத்திய உயர்ந்த விளக்கைவிட மேலானது.

வெப்பமும் இதே கணக்கில் சேரும். பைட்டோகுரோம் வகைகளுள் ஒன்றான பைட்டோகுரோம்-பி வெப்பத்தையும் உணர்கிறது என்பதை 2016 ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன: சூடு கூடினால் அதன் செயல்படும் வடிவம் இருட்டில் விரைவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது, நாற்று நிழலில் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. முளைக்க வைக்கச் சூட்டுவிரிப்பைப் பயன்படுத்தினால், பெரும்பாலான விதைகள் தலைகாட்டியதும் அதை அகற்றிவிட வேண்டும். வெதுவெதுப்பான இரவு, பகலில் கொடுத்த நல்ல ஒளியின் பயனில் பாதியைத் தின்றுவிடும்.

ஆக, வெளியில் வளர்க்கப் பருவம் இடங்கொடுத்தால் வெயிலும் கறுப்பு நிழல்வலையும். இடங்கொடுக்காவிட்டால் தாழத் தொங்கும் வெள்ளை எல்இடி. கையில் குழல் விளக்கு இருந்தால் அதுவே. முளைவிடும் சில நாட்களுக்கு மட்டும் சன்னல் என்பது என் வரிசை. விளக்கின் கீழ் வளர்த்தவர்களுக்கு ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. வீட்டு எல்இடியிலோ சன்னல் கண்ணாடியைக் கடந்து வரும் ஒளியிலோ புற ஊதா-பி அநேகமாக இல்லாததால், அந்த நாற்றுகளின் யூவிஆர்-8 வேலையே தொடங்கியிருக்காது. நேரே வெயிலில் வைத்தால் இலைகள் ஓரிரு நாளில் வெள்ளைத் திட்டுகளாகப் பொசுங்கிவிடும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, அடுத்தடுத்த நாட்களில் நேரத்தைக் கூட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் முழு வெயிலுக்குக் கொண்டுவரலாம். வீட்டுக்குள் விரிந்த இலைகளில் சில அப்போதும் மங்கக்கூடும். வெளியில் வந்த பிறகு விரியும் முதல் இலை, முந்தையவற்றைவிடச் சிறியதாகவும் தடிப்பாகவும் வந்தபின் நடவைத் தொடங்கலாம்.